ஏசன் கிராமத்துச் செம்புக் கொப்பரை

பெல்ஜியத்தின் லூவன் நகரில் வடக்குக் காற்று வீசும் காலைகளில் தெருவெல்லாம் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், வேகும் மணம் பரவும். கால்வாய்ப் பக்கம் இருக்கும் ஸ்டெல்லா ஆர்ட்வா ஆலையிலிருந்து வருவது அது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. பல வருடங்களாக அங்கே வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பொறியாளர் மட்டும் அந்த மணம் வந்தால் சைக்கிளை ஓரம் கட்டிவிடுவார். நன்றாக மூச்சை இழுத்துவிட்டுத்தான் மறுபடி மிதிப்பார்.

ஸ்டெல்லாவின் உயரமான எஃகுத் தொட்டிகள் கண்ணெதிரே நின்றாலும் அவர் மனம் போவது நாட்டின் மறுகோடிக்கு. மேற்கு ஃபிளாண்டர்ஸில், வடகடலுக்குச் சற்று உள்ளே, டிக்ஸ்மௌடே ஊரை ஒட்டி ஏசன் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே ரூசலாரெ சாலையில் 'டெ டொல்லெ புரௌவர்ஸ்' என்ற சின்னஞ்சிறு பீர் ஆலை. கிறுக்குப் பிடித்த பீர்க்காரர்கள் என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டவர்கள் அதை நடத்துகிறார்கள். மால்ட் வேகும் மணத்தை அவர் முதன்முதலில் அறிந்தது அந்த ஆலையின் மரப்படிகளில் ஏறும்போதுதான்.

அப்போது அவர் கெண்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர். பெல்ஜியத்தில் யூரோ இன்னும் வரவில்லை, பிராங்க்தான் புழங்கியது. அவர் குடியிருந்த மாடி அறைக்குக் கீழே வீட்டுக்காரர் தனியாக வாழ்ந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். "மெனீர்" என்று மரியாதையாகக் கூப்பிட்டால் போதும், மனிதர் உருகிவிடுவார். வாடகை கொடுக்கப் போகும் நாட்களில் உட்கார வைத்துப் பேசுவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் பீரில் வந்து முடியும். புட்டியில் வருவதையெல்லாம் பீர் என்று ஒரே பெயரில் மாணவர் சொன்னது அவருக்குத் தாங்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வேலை ஒன்றும் இல்லையே? சைக்கிள் இருக்கிறதா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

கெண்டிலிருந்து டிக்ஸ்மௌடேவுக்கு ரயில் நேராகப் போகும். டெய்ன்செ, டீல்ட், லிக்டர்வெல்டெ என்று ஒவ்வொரு நிலையம் வரும்போதும் பெரியவர் தான் அங்கே வேலை பார்த்த காலத்துக் கதை ஒன்று சொல்வார். வெளியே தட்டை நிலம், வாய்க்கால்கள், மேயும் மாடுகள். டிக்ஸ்மௌடே வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். நிலையத்திலிருந்து கிழக்கே சைக்கிளில் கொஞ்ச தூரம் மிதித்தால் ஏசன் தேவாலயத்தின் கோபுரம் தெரியும்.

ஆலைக்குள் நுழைந்ததும் அவர்களை வரவேற்றவர் ஒரு மூதாட்டி. ஆலையை நடத்திய சகோதரர்களின் தாயார் அவர். அந்தக் காலத்தில் அங்கே போன யாரும் அவரை மறந்திருக்க மாட்டார்கள். ஞாயிறு பிற்பகல்களில் வந்தவர்களைத் திரட்டிக்கொண்டு ஆலையைச் சுற்றிக்காட்டுவது அவர் பொறுப்பு. ஆங்கிலக்காரர் வந்தால் ஆங்கிலம், பிரெஞ்சுக்காரர் வந்தால் பிரெஞ்சு. பிள்ளைகளின் பெருமையைத் தாய் சொல்லும்போது வரும் அழுத்தம் எல்லா மொழியிலும் ஒன்றாகத்தான் இருந்தது. கூட்டத்தில் கருத்த முகம் ஒன்றைப் பார்த்தவுடன் அருகில் அழைத்து நிறுத்திக்கொண்டார். எந்த ஊர், என்ன படிப்பு, அம்மா எங்கே இருக்கிறார் என்றெல்லாம் விசாரித்த பிறகே சுற்றிக்காட்டத் தொடங்கினார்.

அவர் சொன்ன கதை இதுதான். ஆலை 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. கோஸ்டெனோப்ல் என்ற குடும்பம் தலைமுறைகளாக நடத்தியது. கடைசியில் நடத்த ஆள் இல்லாமல் விலைக்கு வந்தபோது, 1980-இல், ஹெர்டெலேர் சகோதரர்கள் மூவர் வாங்கிவிட்டார்கள். வீட்டு அடுப்பில் பீர் காய்ச்சிப் பார்த்த அனுபவம் மட்டும்தான் அவர்களிடம் இருந்தது. கிரிஸ் ஹெர்டெலேர் கட்டடக்கலைஞர், ஓவியமும் வரைவார். வாரநாட்களில் அவரவர் வேலை, வார இறுதியில் பீர் காய்ச்சுவது என்று ஆரம்பித்தார்கள். ஊர் சிரித்திருக்கும். பெல்ஜியத்தில் சின்ன ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சிறிய நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. சகோதரர்கள் ஏசன் ஆலையை வாங்கிய சமயத்தில் 200 கூடத் தேறாது. அப்படியொரு நேரத்தில் பழைய ஆலையை வாங்கி, பழைய பாத்திரங்களையே துலக்கி வைத்துக்கொண்டு, பழைய முறையிலேயே காய்ச்சுவோம் என்று கிளம்புவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அந்தப் பாத்திரங்களை நம் பொறியாளர் இன்றும் வரிசையாகச் சொல்வார். முதலில் நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் தொட்டி. அதில்தான் தானியத்தின் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறும். அடுத்தது செம்புக் கொப்பரை. அடியில் நேரடியாக நெருப்பு எரியும். நீராவிக் குழாய் கிடையாது. வடித்தெடுத்த மால்ட் சாறு அதில் ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கும். நெருப்பு படும் அடிப்பாகத்தில் சர்க்கரை லேசாகக் கருகி நிறமும் சுவையும் ஏறும். அங்கிருந்து சாறு மேல்தளத்துக்குப் போகும். கூரைக்கு அடியில் அகலமான, ஆழமில்லாத ஒரு தாமிரத் தட்டு அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கும். கொதிக்கும் சாறு அதில் பரவி ஆவி விட்டு ஆறும். பெரிய ஆலைகள் எல்லாம் இதை எப்போதோ தூக்கி எறிந்துவிட்டன. மூடிய இயந்திரத்துக்குள் சில நிமிடங்களில் குளிர்விப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. ஏசனில் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று, ஆவியில் முகம் நனைய, மூதாட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

ஹாப்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அங்கிருந்து தெற்கே, பிரான்ஸ் எல்லையை ஒட்டி போபெரிங்கெ என்ற ஊர் இருக்கிறது. பெல்ஜியத்தின் ஹாப்ஸ் விளைவது பெரும்பாலும் அங்கேதான். உயரமான கம்பங்களில் கொடி ஏறி நிற்கும் அந்தத் தோட்டங்களைக் கோடையில் பார்க்க வேண்டும். ஏசன் ஆலைக்குப் பூவாகவே ஹாப்ஸ் வந்தது. பொடித்து உருண்டையாக்கிய சரக்கை அவர்கள் சேர்ப்பதில்லை. மூதாட்டி ஒரு பூவை உள்ளங்கையில் கசக்கி ஒவ்வொருவர் மூக்கருகிலும் நீட்டினார். பசை ஒட்டிய மஞ்சள் தூளும் அந்தக் காட்டமான பச்சை மணமும் சைக்கிள் கைப்பிடியில் கெண்ட் வரைக்கும் கூடவே வந்தன.

சுற்றி முடித்ததும் சுவைக்கும் கூடம். வண்ணம் பூசிய சுவர்கள், கிரிஸின் ஓவியங்கள், நீள மேசைகள். காற்றில் சிகரெட் புகை. அப்போதெல்லாம் எந்த மதுக்கூடத்திலும் புகை இல்லாத மூலை கிடையாது. பாலாடைக்கட்டியைச் சதுரமாக நறுக்கி, கடுகுச் சாந்தும் செலரி உப்பும் வைத்துக் கொடுத்தார்கள். பிறகு ஆலையின் முதல் பீரான ஊர்பியர் வந்தது. லேபிளில் கையில் துடுப்போடு ஒரு மஞ்சள் நிறக் குட்டி மனிதன். அதையும் கிரிஸ்தான் வரைந்தார்.

ஊற்றுவதற்கு அவசரப்பட்ட கையைப் பெரியவர் தடுத்தார். கோப்பையைச் சாய்த்துப் பிடி, மெல்ல ஊற்று, கடைசி விரற்கடை புட்டியிலேயே நிற்கட்டும் என்றார். இந்த வகை பீர் புட்டிக்குள்ளும் நொதிக்கிறது. அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து வெதுவெதுப்பான அறையில் வைப்பார்கள். உள்ளே உண்டாகும் வாயுதான் நுரை. வேலை முடித்த ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படியும். அதைக் கலக்கிவிட்டால் பீர் மங்கிப்போகும். சிலர் வண்டலைத் தனியாகச் சின்னக் கோப்பையில் ஊற்றி மருந்தாகக் குடிப்பதும் உண்டு. பெரியவர் அந்தக் கட்சி.

கருஞ்சிவப்பு நிறம். மேலே கனத்த நுரை. முதல் வாயில் இனிப்பு தெரிந்தது, கூடவே உலர்ந்த பழத்தின் வாசம். அது நாக்கில் இருக்கும்போதே அடியிலிருந்து மெல்லிய புளிப்பு ஒன்று எழுந்து இனிப்பை வெட்டியது. கருப்பட்டிப் பாகு இறக்கும் நேரத்தில் பாத்திரத்தின் ஓரத்தில் பிடித்திருப்பதைச் சுரண்டித் தின்றால் வரும் சுவை அந்த இனிப்பில் இருந்தது. அவர் அதைத் தமிழில் சத்தமாகச் சொல்லிவிட்டார். பெரியவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் தலையை ஆட்டினார்.

அந்த இனிப்புக்குக் காரணம் பல வகை மால்ட்டும் காண்டி சர்க்கரையும். பெல்ஜியப் பீர்க்காரர்கள் சர்க்கரை சேர்ப்பதைச் சில அயல்நாட்டுக்காரர்கள் ஏளனமாகப் பேசியதுண்டு. விஷயம் தெரியாத பேச்சு அது. மால்ட்டை மட்டுமே கூட்டிக் கூட்டிப் போட்டால் பீர் கூழாகிவிடும், ஒரு கோப்பைக்கு மேல் இறங்காது. சர்க்கரையோ ஈஸ்ட்டுக்கு முழுவதும் இரையாகிச் சாராயச் சத்தை மட்டும் ஏற்றிவிட்டு உடலை இலேசாக வைக்கிறது. ஊர்பியர் அப்போது 7.5 சதவீதம், இப்போது 9. சாதாரண லாகர் பீர் 5 சதவீதம்தான். ஆனால் நாக்கில் பாரம் தெரியாது. எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். அதனால்தான் அங்கே யாரும் மடமடவென்று குடிப்பதில்லை. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். பெரியவர் தன் இளமைக் கதையில் பாதியை அந்த முதல் கோப்பையிலேயே சொல்லி முடித்தார்.

பெல்ஜியத்தில் ஏன் இவ்வளவு வலுவான பீர்கள் என்று மாணவர் கேட்டபோது பெரியவர் தன் தகப்பனார் காலத்துக்குப் போனார். முதல் உலகப் போர் முடிந்ததும் 1919-இல் ஒரு சட்டம் வந்தது. சோஷலிஸ்ட் தலைவரும் அப்போதைய நீதி அமைச்சருமான எமீல் வாண்டர்வெல்டெ கொண்டுவந்தது. மதுக்கூடங்களில் யெனேவர் முதலான கடும் சாராயங்களை விற்கக் கூடாது. கடையில் வாங்குவதென்றால் ஒரே தடவையில் 2 லிட்டராவது வாங்க வேண்டும். கூலிக்காரன் கையில் அவ்வளவு பணம் ஏது? வாரக்கூலி சாராயத்தில் கரைந்து பிள்ளைகள் பட்டினி கிடந்த நாடு அது. சட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. சாராயம் மேசையை விட்டுப் போனதும் அந்த இடத்தை நிரப்ப வலுவான பீர்கள் வந்தன. அந்தச் சட்டம் 1980-கள் வரை ஏட்டில் இருந்தது. இன்று உலகம் கொண்டாடும் பெல்ஜியப் பீர்களின் வலுவுக்கு ஒரு மதுவிலக்குச் சட்டமும் காரணம் என்பதை அந்த மேசையில் கேட்டபோது மாணவருக்குப் பெரிய வியப்பு. பின்னாளில் நண்பர்கள் யாரை அழைத்துப் போனாலும் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஏசனில் பீர் பேச்சைப் போரிலிருந்து பிரிக்க முடியாது. 1914-இல் ஜெர்மானியப் படை ஐசர் ஆற்றங்கரை வரை வந்தது. நியூபோர்ட் மதகுகளைத் திறந்து கடல்நீரை வயல்களுக்குள் விட்டு பெல்ஜியர்கள் அதைத் தடுத்தார்கள். டிக்ஸ்மௌடே தரைமட்டமானது. போர்முனைக்குப் பின்னால், ஜெர்மானியர் கைவசம் சிக்கிய பகுதிகளில், பீர் ஆலைகளின் செம்புக் கொப்பரைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வெடிகுண்டு உறைகளுக்குச் செம்பு தேவைப்பட்டது. கொப்பரை போன பல ஆலைகள் போருக்குப் பின் திறக்கவே இல்லை. அந்த நாட்டுக் கிராம ஆலைகளின் சரிவு அங்கேதான் தொடங்கியது. மூதாட்டி ஏசன் கொப்பரையைத் தட்டிக்காட்டிப் பேசியபோது குரலில் ஏன் அத்தனை வாஞ்சை என்பது இதைக் கேட்ட பிறகுதான் மாணவருக்கு விளங்கியது.

ஒருமுறை ஆலைக்குப் போகும் வழியில் பெரியவர் சைக்கிளை வேறு பக்கம் திருப்பினார். ஃபிளாட்ஸ்லோவில் உள்ள ஜெர்மானியப் போர்வீரர் கல்லறைக்கு. ஓக் மரங்களுக்கு அடியில் 25,000-க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கோடியில் இரண்டு கற்சிலைகள் மண்டியிட்டு நிற்கின்றன. ஒன்று தகப்பன், ஒன்று தாய். ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் உருவாக்கியவை. அவருடைய மகன் பீட்டர் 18 வயதில், 1914 அக்டோபரில், இந்தப் பகுதியில் கொல்லப்பட்டான். மகனுக்காக ஒரு சிலை செய்ய ஆரம்பித்து, மாற்றி மாற்றிச் செய்து, 1932-இல்தான் முடித்தார். சிலைகளை முதலில் வைத்தது ஏசனில் இருந்த கல்லறையில். 1950-களில் சிறு கல்லறைகளை ஒன்றுசேர்த்தபோது பீட்டரும் சிலைகளும் ஃபிளாட்ஸ்லோவுக்கு வந்தார்கள். பெரியவரின் சொந்தத்தில் ஐசர் கரையில் இறந்தவர்கள் உண்டு, எதிர்ப்பக்கத்தில். ஆனாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தத் தாயின் எதிரே சற்று நேரம் நிற்பார். பிறகு ஆலைக்குப் போவார்கள்.

படிப்பு முடிந்து வேலை கிடைத்து லூவனுக்கு வந்த பிறகும் ஏசன் போவது நிற்கவில்லை. அராபியர் என்ற பொன்னிறப் பீரை அவர் நெருங்கிப் பழகியது அந்த வருடங்களில். 8 சதவீதம். நொதித்த பின் மறுபடியும் போபெரிங்கெ ஹாப்ஸ் பூக்களைப் போட்டு ஊறவைப்பதால் புல்லும் பூவும் கலந்த மணம் தூக்கலாக இருக்கும். ஊர்பியரின் இனிப்பு பிடிக்காதவர்களுக்கு அதைக் கொடுப்பார். ஈஸ்டருக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று பண்டிகைப் பீர்களும் வரும்.

அப்போதுதான் ஈஸ்ட் விவகாரம் வந்தது.

ஆலை தொடங்கியதிலிருந்து ஏசன்காரர்கள் ஈஸ்ட் வாங்கியது ரூசலாரெவில் உள்ள ரோடன்பாக் ஆலையிலிருந்து. ஆலை வாசலில் ஓடும் அந்தச் சாலையிலேயே போனால் ரூசலாரெதான் வரும். ரோடன்பாக் 1821-இல் தொடங்கியது. வீட்டு உயரத்துக்கு நிற்கும் 294 ஓக் மரப் பீப்பாய்களில் வருடக்கணக்கில் புளிக்கவைக்கும் செம்பீருக்குப் புகழ்பெற்றது. அதன் ஈஸ்ட்டில் புளிப்பு தரும் நுண்ணுயிர்களும் கலந்திருக்கும். ஊர்பியரின் அடியில் இருந்த அந்த மெல்லிய புளிப்பு அங்கிருந்து வந்ததுதான். சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆலைகளுக்குப் பெரிய ஆலை ஈஸ்ட் கொடுப்பது அந்த நாட்டின் பழைய வழக்கம். 1998-இல் ரோடன்பாக்கை பாம் நிறுவனம் வாங்கியது. 1999-இல் வெளியாருக்கு ஈஸ்ட் கொடுப்பது நின்றது.

வெளியே இருந்து பார்த்தால் சின்னச் செய்தி. ஆனால் பீரின் சுவையில் பெரும்பங்கு ஈஸ்ட்டுடையது. அதே மால்ட், அதே ஹாப்ஸ், அதே கொப்பரை இருந்தாலும் ஈஸ்ட் மாறினால் பீர் வேறு. ஏசன் ஆலை தன் கையில் இருந்ததை வைத்துத் தானே ஈஸ்ட் வளர்க்க வேண்டிய நிலை. அடுத்து வந்த புட்டிகளைக் குடித்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். புளிப்பு போய்விட்டது, இது ஊர்பியரே இல்லை என்றது ஒரு கட்சி. இப்போதுதான் மால்ட்டின் சுவை தெளிவாகத் தெரிகிறது என்றது இன்னொன்று. பெரியவர் முதல் கட்சியில் பிடிவாதமாக இருந்தார். பழைய புட்டிகளைப் பூட்டி வைத்துக்கொண்டு விசேஷத்துக்கு ஒன்று என்று திறந்தார். நம் பொறியாளருக்கு இரண்டும் பிடித்தது. ஒரு சின்ன ஆலையின் பீர் அதை உண்டாக்கும் மனிதர்களோடும் அண்டை ஊரோடும் சேர்ந்து வாழ்கிறது. அண்டை வீட்டு உறவு அறுந்தால் அது சுவையில் தெரியத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். வருடா வருடம் ஒரே சுவையைத் தருவதற்கு லூவன் ஆலையில் ஆய்வுக்கூடமே இருக்கிறது. அது ஒரு திறமை, மறுக்க முடியாது. ஏசனுக்கு அவர் போவது போன வருடத்திலிருந்து இந்த வருடம் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க.

அப்படிப் பார்ப்பதற்கு வாகான பீர் கிறிஸ்துமஸுக்கு வரும் ஸ்டில்லெ நாஹ்ட். 12 சதவீதம். மணிக்கணக்கில் கொதிக்கவைத்து வற்றச் செய்த சாறு, வெள்ளைக் காண்டி சர்க்கரை, நிறைய ஹாப்ஸ். புதுசாகத் திறந்தால் முரட்டுத்தனமாக இருக்கும். இனிப்பும் கசப்பும் சாராயச் சூடும் தனித்தனியாக நிற்கும். நிலவறையில் சில வருடம் கிடந்தால் மூன்றும் இணங்கிவிடும். இந்த நாட்டின் பழைய வீடுகள் பலவற்றில் கரி அறை ஒன்று தரைக்குக் கீழே இருக்கும். பெரியவர் தன் கரி அறையில் புட்டிகளை நிற்க வைத்து, மூடிமேல் சாக்பீஸால் வருடம் எழுதி வைத்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவர் வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். மூன்று வருடத்துப் புட்டிகளை அருகருகே திறப்பார். இளையதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் கட்டளை. இளையது ஆரஞ்சுத்தோல் மணத்தோடு நாக்கைச் சுடும். நடுவயதில் வாதுமையும் தேனும். மூத்ததில் நுரை அடங்கி, நிறம் கருத்து, பழைய ஷெர்ரி ஒயினின் வாசமும் ஒரு புளிப்பும் வந்திருக்கும். அது ரோடன்பாக் ஈஸ்ட் காலத்துப் புட்டி. அதை ஊற்றும்போது பெரியவர் பேச்சை நிறுத்தி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.

ஸ்டெல்லாவும் 1926-இல் கிறிஸ்துமஸ் பீராகத்தான் பிறந்தது. இன்று அது வருடம் முழுவதும் உலகம் முழுவதும் கிடைக்கிறது. பண்டிகைக்கென்று ஒரு பீரைக் காத்திருந்து வாங்கும் வழக்கம் ஏசன் போன்ற இடங்களில் மிச்சம் இருக்கிறது.

இந்த இடைப்பட்ட காலத்தில் எவ்வளவோ மாறிவிட்டது. 2011 கோடையிலிருந்து மதுக்கூடங்களில் புகைபிடிக்கத் தடை. புகை விலகியதும் முதன்முறையாகப் பீரின் மணம் முழுசாகக் கிடைத்தது என்று அவர் சொல்வார். முன்பெல்லாம் குடித்துவிட்டுக் காரெடுப்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1995-இல் 'பாப்' என்ற பிரசாரம் வந்தது. கூட்டத்தில் ஒருவர் குடிக்காமல் இருந்து மற்றவர்களை வீடு சேர்ப்பார். அவர்தான் அன்றைய பாப். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்லாமல் எந்த இளைஞர் கூட்டமும் கிளம்புவதில்லை. பிற நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன. பெல்ஜியம் உலகத்துக்குக் கொடுத்தவற்றில் பீருக்குச் சமமாக அதையும் வைக்கலாம்.

ஏசனுக்குப் பக்கத்து வட்டாரத்திலேயே வெஸ்ட்ஃப்ளேட்டெரன் மடம் இருக்கிறது. அங்கே துறவிகள் மடத்தின் செலவுக்கென்று அளவாகப் பீர் காய்ச்சுகிறார்கள். அவர்களுடைய 10.2 சதவீதப் பீரை 2005-இல் பீர் ரசிகர்கள் உலகிலேயே சிறந்தது என்று அறிவித்ததும் மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. தொலைபேசியில் முன்பதிவு, ஒரு வண்டிக்கு இத்தனை பெட்டி என்று அப்போது கட்டுப்பாடு வந்தது. புகழ் பெருகியதால் உற்பத்தியைப் பெருக்க மாட்டோம் என்று துறவிகள் உறுதியாக நின்றார்கள். அந்த உறுதியை வணங்க வேண்டும். ஆனால் அந்தப் பீரைச் சுற்றி எழுந்த ஆரவாரம் குடிப்பவர்களுக்கு நல்லது செய்யவில்லை. புட்டி கிடைத்ததே சாதனை என்று படம் எடுத்துக்கொண்டு சுவையைத் தவற விட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

2016-இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆலைகளின் எண்ணிக்கை மறுபடி ஏறி 400-ஐத் தாண்டிவிட்டது. பெரியவர் இதைப் பார்க்க இல்லை. கரி அறையில் மிஞ்சிய புட்டிகளை அவருடைய மகள் பழைய கூட்டாளிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். சாக்பீஸ் எழுத்து அழியாத இரண்டு நம் பொறியாளருக்கு வந்தன.

அண்மையில் ஏசன் போனபோது மூதாட்டி நின்ற இடத்தில் வேறொருவர் ஆலையைச் சுற்றிக்காட்டினார். மேசைகளில் இத்தாலியர்கள், அமெரிக்கர்கள், கைப்பேசியில் குறிப்பு எழுதும் இளைஞர்கள். ஊர்பியரை பொர்தோ ஒயின் பீப்பாய்களில் பல மாதம் கிடத்திய 13 சதவீத வகை ஒன்றும் இருந்தது. அதில் அவர் நாக்கு தேடிப் போன புளிப்பு வேறொரு வழியாகத் திரும்பி வந்திருந்தது. ஈஸ்ட்டில் இழந்ததை மரத்திலிருந்து மீட்டிருக்கிறார்கள். பழைய ஊர்பியர் அது இல்லை. பெரியவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் ஒரு கோப்பைக்கு ஒரு மணி நேரம் உட்கார வைக்கும் பீர்.

பக்கத்து மேசையில் இத்தாலிய இளந்தம்பதி ஸ்டில்லெ நாஹ்ட்டைப் புட்டியை ஆட்டி ஊற்றப் போனார்கள். அவர் எழுந்து போய்க் கோப்பையைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். அடியில் விரற்கடை விட்டு நிறுத்தினார். எத்தனை வருடம் வைக்கலாம் என்று அந்தப் பெண் கேட்டாள். "ஊருக்குப் போனதும் ஒன்று, மூன்று கிறிஸ்துமஸ் கழித்து ஒன்று. மூன்றாவதை எப்போது திறப்பது என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள்" என்றார். கணவன் உடனே பத்து வருடம் என்றான். அவ்வளவு காலம் தன்னால் பொறுக்க முடியாது என்றாள் அவள். கடைசியில் ஆறு புட்டி வாங்கினார்கள். மூவரும் ஒரே ரயிலில்தான் திரும்பினார்கள். எதை எப்போது திறப்பது என்ற அவர்களுடைய வாக்குவாதம் லிக்டர்வெல்டெ தாண்டியும் ஓயவில்லை.